குழலி டீச்சரின் ஆனி மாதம்

ஆனி பிறந்துவிட்டால் குழலி டீச்சருக்கு இருப்புக்கொள்ளாது. சின்ன காஞ்சிபுரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் அவளுடைய பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் படிக்கப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குத்தான் போக வேண்டும். சான்றிதழைக் கையில் கொடுத்ததும் மற்ற ஆசிரியர்களுக்கு வேலை முடிந்தது. ஏலவார்குழலி என்கிற குழலிக்கு முடியாது. அனுப்பிய பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்களா, சேர்ந்தவர்கள் நிலைத்தார்களா என்று தெரியும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. சாயங்கால மணி அடித்ததும் ஸ்கூட்டியில் தெருத்தெருவாகச் சுற்றுவாள்.

"ஓட்டு கேக்க வந்துட்டாங்கடி!" என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அடுத்த வீட்டு வாசல்வரைகூட நிற்காது.

இந்த வருஷம் அவளை அலைக்கழித்தவள் தீபிகா. கணக்கில் சூட்டிகையான பெண். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம் போனாள், பிறகு நின்றுவிட்டாள். சேதி காதில் விழுந்த அன்றே குழலி அவள் வீட்டு வாசலில் நின்றாள்.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. குழியில் காலை இறக்கி உட்கார்ந்து தீபிகாவின் அப்பா குமரகுரு நெய்துகொண்டிருந்தார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோக்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலை ஒருவர் நெய்ய, கரைக்கான நூல் சுற்றிய நாடாவைப் பக்கத்திலிருந்து இன்னொருவர் தள்ள வேண்டும். அந்த இன்னொரு இடத்தில் தீபிகா இருந்தாள். டீச்சரைக் கண்டதும் அவள் கை நின்றது.

"வாங்க டீச்சரம்மா. இந்தப் பாவு முடியட்டும், அனுப்பிடறேன்" என்றார் குமரகுரு.

குழலியும் நெசவுக்கார வீட்டில் பிறந்தவள்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடிகிற நாள் என்று ஒன்று வராது. பழைய பாவின் நுனியிலேயே புதுப் பாவைப் பிணைத்துவிடுவார்கள்.

"யார்கிட்டண்ணா கதை சொல்ற? பாவு முடியட்டும், பாவு முடியட்டும்னு சொல்லியே எங்கப்பா என் கல்யாணத்த மூணு வருஷம் இழுத்தாரு."

குமரகுரு சிரித்துவிட்டார். "நான் இன்னா பண்றது டீச்சர்? ஒத்தாசைக்கு வர்ற ஆளு வரல. இதுவே வந்து, நான் போடறேன்பான்னு குந்திக்கிச்சு. எழுப்பினா அழுவுது."

"இன்னாத்துக்கு அழுவுதுன்னு கேட்டியா?"

"பெரிய ஸ்கூலு, பயமா இருக்கும். போகப் போக சரியாயிடும்."

"போனாத்தானேண்ணா சரியாவும்?"

வழியெல்லாம் சட்டம், அதிகாரி என்று குழலி மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்த பேச்சு எதற்கும் உதவவில்லை. பெண்ணை மட்டும் வாசலுக்கு அழைத்து வந்தாள். அடித்தார்களா, திட்டினார்களா, பாடம் புரியவில்லையா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள் தீபிகா கடைசியில். "பெரிய ஸ்கூல்ல மணி அடிச்சா டீச்சருங்கதான் மாறுவாங்க, நீங்க எடத்த உட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னு."

சொன்னவள்தான். ஒவ்வொரு வருஷமும் கடைசி நாளில், பயம் தெளியட்டும் என்று சொல்லி அனுப்புவாள்.

"மணி அடிச்சுது. எல்லாரும் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனாங்க. நான் மட்டும் குந்திக்கினே இருந்தேன். அப்புறம் ஒரு பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ் காணோம். ரூம்ல யாரு இருந்தாங்கன்னு கேட்டாங்க. என் பைய மட்டும் கொட்டிப் பாத்தாங்க டீச்சர்."

உள்ளே தறி நின்றது. குமரகுரு குழியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "என் புள்ளையத் திருடின்னா சொன்னாங்க? காலையில வரேன், ஒரு கை பாக்கறேன்!"

"நீ வராதண்ணா. நீ வந்தா சண்டைதான் மிச்சம். தப்பு என்னுது. நான் கூட்டிக்கினு போறேன்."

மறுநாள் காலை குழலி தீபிகாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னதும் வகுப்பாசிரியை எஸ்தர் பதறிப்போனாள். சின்ன வயசு, வகுப்பு நிறையப் பிள்ளைகள். "ஐயோ மேடம், அந்த பாக்ஸ் மறுநாளே கெடச்சிடுச்சு. அந்தப் பொண்ணு வீட்லயே வெச்சிட்டு வந்திருக்கா."

"கெடச்சத இவகிட்ட யாரும்மா சொன்னாங்க?"

"இவதான் வரவே இல்லியே மேடம்…"

"ஏன் வரல?"

எஸ்தர் தீபிகாவின் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிப்போனாள். "பாக்ஸ தீபிகா எடுக்கல. விசாரிக்காம அவ பையக் கொட்டினது தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

குழலியால் வெளியே நிற்க முடியவில்லை. வாசற்படியில் ஏறி, "அவள எழுந்திருக்காதன்னு சொன்னது நான்தான். கிண்டல் பண்ணணும்னா என்னப் பண்ணுங்க" என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மிஸ், நீங்க எந்த சப்ஜெக்ட்?"

"எல்லா சப்ஜெக்ட்டும்."

"எல்லாமா!" என்று வகுப்பு வாய்பிளந்து, பிறகு கொல்லென்று சிரித்தது. தீபிகாவின் உதடும் லேசாக அசைந்தது.

மணி அடித்தது. விளையாட்டு வகுப்பு போலும். பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். தீபிகா உட்கார்ந்தபடி இரு பக்கமும் பார்த்தாள். முன் பெஞ்சுப் பெண், "வாடி, லேட்டானா கிரவுண்ட சுத்த உடுவாங்க" என்றாள். தீபிகா எழுந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டாள். குழலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவுக்கு வந்து ஸ்கூட்டியைக் கிளப்பிய குழலிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதே வார்த்தையைத் தீபிகாவுக்கு மட்டுமா சொன்னாள்? இந்த வருஷம் அனுப்பிய அத்தனை பிள்ளைகளுக்கும் அல்லவா சொன்னாள்! யார் யார் எந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்களோ.

தன் பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் போட்டு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வண்டியைப் பையன்கள் சேர்ந்திருந்த பள்ளிப் பக்கம் திருப்பினாள்.