வலிக்காத சூடு

முதலில் தலைவலிதான் வந்தது. செண்பகத்துக்குத் தலைவலி என்றால் ஒரு கடுங்காப்பியில் தீர்ந்துவிடும். அன்றைக்குத் தீரவில்லை. கண்ணுக்குப் பின்னாலிருந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். சாயங்காலம் காய்ச்சல் கண்டது. நாங்கள் கேரளத்திலிருந்து திரும்பி அன்றோடு பத்து நாள் ஆகியிருந்தது. பயணக் களைப்பெல்லாம் தீர்ந்து, பயணத்தையே மறந்திருந்தோம்.

நான் கோவில்பட்டியில் ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலி என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கே அதுதான் பெயர். செண்பகவல்லி என் மனைவி. முதலாளி வீட்டம்மா என்று உட்கார்ந்திருக்கத் தெரியாதவள். பெண்களோடு சேர்ந்து பெட்டி அடைப்பாள், கணக்காகக் குச்சி அள்ளுவாள், வம்பும் பேசுவாள்.

உங்கள் வீட்டில் யாராவது காரணம் தெரியாத காய்ச்சலில் கிடந்தால், இது உங்களுக்காக எழுதியது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

குச்சிக்கு மரம் பார்க்க வருசாவருசம் கேரளத்தில் புனலூர் தாண்டிப் போவேன். அந்த வருசம் எங்கள் ஒரே மகள் கவிதா மதுரையில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால், செண்பகத்தையும் கூட்டிப் போனேன். இருபத்திரண்டு வருசத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் பயணம் அது. மழைக்காலம் முடிகிற சமயம். அங்கே பூச்சி பிடுங்கி எடுத்துவிடும் என்று பயமுறுத்தியதே நான்தான். கொசுவத்திச் சுருள் ஒரு டஜன், அட்டைக்கு உப்புப் பொட்டலம், எறும்புக்கு மஞ்சள்தூள், தடவிக்கொள்ள வேப்பெண்ணெய் என்று ஒரு பை நிறையக் கட்டினாள். மர வியாபாரி தன் தோட்டத்து அறையில் எங்களைத் தங்க வைத்துவிட்டு, அந்தப் பையைப் பார்த்துச் சிரித்தார்.

நாலு நாள் இருந்தோம். சுவரெல்லாம் வேர்த்தது, துண்டு காயவில்லை. பகலிலும் சுருள் புகைந்தது. தோட்டத்துக்குள் போய்வந்தால் ஒருவர் காலை ஒருவர் பார்ப்போம். என் கெண்டைக்காலில் ஒரு அட்டை கொழுத்துத் தொங்கியது. அவள் உப்பைப் போட்டு உதிர்த்துவிட்டு, "நம்மூர்ல ஒரு பயலும் உங்ககிட்ட இவ்வளவு ரத்தம் வாங்கியிருக்க மாட்டான்" என்றாள். கண்ணில் பட்ட பூச்சியை எல்லாம் அடித்தோம். கண்ணில் படாத ஒன்று இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்தின் ஓரத்தில் ஓடை ஒன்று ஓடியது. அப்போதெல்லாம் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. துணி அலசிய தண்ணீரில் வாசல் தெளிப்போம். அப்படிப்பட்டவளுக்கு ஓடையைக் கண்டதும் கை நிற்கவில்லை. அழுக்குத் துணி முடிந்தது. பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலைகளையும் எடுத்து வந்துவிட்டாள்.

"துவைச்ச சேலையப் போய் எதுக்குட்டி துவைக்க?"

"தண்ணி சும்மா ஓடுதுங்க. பாத்துக்கிட்டு இருக்க மனசு வரல."

துவைத்ததை ஊரில் வேலிமேல் போடுகிற மாதிரி ஓடைக்கரைப் புதர்கள்மேல் விரித்தோம். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். சாயங்காலம் பாதி ஈரத்தோடு அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தச் சாயங்காலத்தை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

காய்ச்சல் வந்ததும் எங்கள் வழக்கமான டாக்டரிடம் காட்டினேன். "சீசன் காய்ச்சல் அண்ணாச்சி, மூணு நாள்ல விட்டுரும்" என்று மாத்திரை கொடுத்தார். விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார். டைபாய்டு (கெட்ட தண்ணீர், உணவால் வரும் குடல் காய்ச்சல்) மாதிரி தெரிகிறது என்று ஊசி போட்டார். ஊசிக்கும் காய்ச்சல் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவளைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப் போனேன். சேலை மாற்றும்போது இடுப்பில், பாவாடை நாடா பதிகிற இடத்தில், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்தேன். சுற்றிலும் லேசாகச் சிவந்திருந்தது.

பார்த்தேன், அவ்வளவுதான். எதுவும் கேட்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணின் உடம்பிலும் இப்படி இரண்டு மூன்று இருக்கும். பெட்டி அடைக்கும்போது குச்சி உரசிக் குப்பென்று பிடிக்கும். மடியிலும் இடுப்பிலும் பொறி விழும். சூடு பட்டால் நாங்கள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு அடுத்த பெட்டியை எடுப்போம். வேறு ஊர்க்காரன் என்றால் பதறியிருப்பான். எனக்கு அது தினமும் பார்க்கிற தழும்பு.

மறுநாள் டாக்டர் கேட்டார். "அண்ணாச்சி, மதினி உடம்புல எங்கயாச்சும் புண்ணு, கட்டி, ஏதும் இருக்கா?"

"இல்ல சார். கையில ரெண்டு மூணு சூடு இருக்கும். எங்க ஆபீஸ் பொம்பளைகளுக்கு இருக்கதுதான்."

அவர் அவளுடைய கைகளைப் புரட்டிப் பார்த்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். இடுப்பில் ஒன்று இருப்பது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. மனைவியின் இடுப்பைப் பற்றி இன்னொரு ஆணிடம் சொல்ல நாக்கு கூசியது. சூடுதானே, சொல்லாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்.

எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. கண் மஞ்சளாக இருந்தது. அவள் தம்பி முருகன் வேன் கொண்டு வந்தான். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி நெடுக அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கை அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

அங்கே உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ்தான் முதலில் அந்தப் பொருக்கைப் பார்த்துக் கூப்பிட்டுக் காட்டினாள். வயதான டாக்டர் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இது என்னது?"

"சூடு பட்டது சார். தீப்பெட்டி ஆபீஸ்."

"சூடு பட்டா வலிச்சிருக்குமே. இவங்க வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

சொல்லவில்லை. கேரளம், ஓடை, புதரில் காயப்போட்ட சேலை எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். பிறகு நிதானமாகச் சொன்னார். அது உண்ணிக்காய்ச்சல் (புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணிக் குஞ்சு கடித்துப் பரவும் நோய்). கடிக்கும்போது வலிக்காது. பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். கடித்த இடம் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்துக் கிடக்கும். அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்தாலே பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. டாக்சிசைக்ளின் என்று ஒரு சாதாரண மாத்திரை போதும்.

"அஞ்சாம் நாள், ஆறாம் நாள் குடுத்திருந்தா வீட்லயே சரியாயிருக்கும்" என்றார். நான் ஐந்தாம் நாள் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

மருந்து அன்றைக்கே ஆரம்பித்தார்கள். அதற்குள் நுரையீரலில் நீர் கோத்திருந்தது, சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை மூச்சுக்குக் குழாய் போடப் போகிறோம் (செயற்கைச் சுவாசக் கருவியில் வைப்பது), பேசுவதாக இருந்தால் பேசிவிடுங்கள் என்றார்கள். அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. பூச்சி கடித்ததால் வந்த காய்ச்சல், இடுப்பில் இருக்கிறதே அதுதான் கடித்த இடம், மருந்து போட்டாயிற்று, சரியாகிவிடும் என்றேன்.

மூச்சு விட்டு விட்டுப் பேசினாள்.

"அன்னைக்குச் சேலை மாத்தும்போது நீங்களும் பாத்தீங்கள்ல. நீங்க ஒண்ணும் சொல்லலியா, அதான் ஒண்ணுமில்லபோலன்னு இருந்துட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. என்னை நம்பியதைச் சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். கவிதா மதுரையிலிருந்து வந்து சேர்ந்தபோது அம்மாவின் தொண்டையில் குழாய் இருந்தது. அவளுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

நாலு வருசம் ஆகிறது. ஒரே ஓடையில் குளித்தோம், ஒரே சேலையின் இரண்டு முனையைப் பிடித்தோம். என்னை ஒன்றும் கடிக்கவில்லை. ரொம்ப நாள் குளிக்கும்போதெல்லாம் அக்குளையும் இடுப்பையும் தொடை இடுக்கையும் தடவித் தேடினேன். ஏதாவது கிடைத்தால் நல்லது என்று நினைத்துத் தேடிய நாளும் உண்டு. என் உடம்பு எனக்குச் சொந்தமானது மாதிரி இப்போது தெரிவதில்லை.

உங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் விளக்கைப் போட்டு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பாருங்கள். பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த இடமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

நாளும் எனக்கு முன்போல இல்லை. இன்றைக்கு நன்றாக இருக்கிறேன் என்றால், பத்து நாள் கழித்துத்தான் அதை நம்ப வேண்டும். கவிதா இப்போது வேலைக்காக ஊர் ஊராகப் போகிறாள். அவள் திரும்பி வந்த நாளிலிருந்து தினமும் போன் போடுகிறேன்.

"எங்கயாச்சும் கறுப்பா இருக்கா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்ப்பா."

பதினோராம் நாளும் கேட்கிறேன். அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அப்பா பயந்துபோயிருக்கிறார் என்று நினைக்கிறாள். அவள் அம்மா கடைசியாகச் சொன்னதை நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.