மேட்டு மூலையில் பார்த்த செத்தவீடு

நான் தங்கியிருக்கும் டண்டினொங் நகரிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் அந்த இடுகாடு வரும். சுற்றிலும் மாடு மேயும் வெளி. முன்பு அங்கே தேவாலயமும் பள்ளிக்கூடமும் இருந்தனவாம். காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட, செத்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். மாதம் ஒருமுறை அங்கே புல் வெட்டுவது என் வேலை. கேற்றைத் திறந்துவிட வரும் பக்கத்துப் பண்ணை அம்மையாரைத் தவிர யாரையும் காண மாட்டேன்.

அம்மா இறந்த மறுநாளும் வேலைக்குப் போனேன். அறையில் தனியே இருக்க முடியவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாத விசா. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய கடைசி மகன் நான்.

அங்கே மேட்டு மூலையில் மட்டும்தான் போன் வேலை செய்யும். பின்னேரம் ஊரிலிருந்து அண்ணா வீடியோ கோல் எடுத்தார்.

“அம்மாவைத் தூக்கப் போறம். வடிவாப் பார்.”

“ஆர் அண்ணா கொள்ளி வைக்கிறது?”

“நான்தான். நீ அழாத.”

பறைச் சத்தம் கேட்டது. பிறகு படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தும் கிடைக்கவில்லை.

மெஷின் சத்தம் நின்றதைக் கவனித்து அம்மையார் மேடேறி வந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் பக்கத்தில் புல்லிலேயே இருந்தார். பிறகு கீழே ஐந்து சின்னக் கல்லறைக் கற்களைக் காட்டினார்.

“ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே கோடையில் தொண்டை நோயில் போனவர்கள்.”

“தாய்?”

“வடக்கே போய்விட்டாள். அவள் கல் இங்கே இல்லை. யாராவது புல்லை வெட்டிவிடுங்கள் என்று எங்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினாள். என் பாட்டனார் வெட்டினார். பிறகு அப்பா, பிறகு நான். என் முழங்கால் போனபின் நீங்கள்.”

அந்தத் தாயும் எங்கோ தூரத்தில் இருந்துகொண்டுதான் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் தடுக்கவில்லை.

கடைசியில் அண்ணா எடுத்தார். “எல்லாம் முடிஞ்சுது. தலைக்கு முழுகிப்போட்டுச் சாப்பிடு.”

தண்ணீர்த் தாங்கியின் குழாயடியில் குந்தி, தலையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தேன். பல் கிட்டும் குளிர். அம்மையார் தன் வண்டியிலிருந்து தலை துவட்ட ஒரு துவாயை எடுத்து வந்து, நான் எழும்பும்வரை நின்றார்.

அன்று பாதிப் புல் வெட்டாமல் கிடந்தது. அடுத்த கிழமை யாரும் சொல்லாமலே போய் மிச்சத்தையும் வெட்டினேன்.