வசனத் திருடன் என் தம்பி

என் தம்பி நாடகம் எழுதுகிறவன், சினிமாவுக்கும் எழுதுகிறவன். அவனுக்குக் கற்பனை வளம் அதிகம் என்று பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கற்பனையாவது, வளமாவது! அவன் சொந்தமாக எழுதிய வரி ஒன்று உண்டென்றால் அது 'திரை விழுகிறது' என்பதுதான். மீதி எல்லாம் அவன் பெண்டாட்டி பேசியது.

கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நான். அவன் தண்ணீர் வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஆண்டு விழாவுக்கு முதல் நாடகம் போட்டான். "நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையான்னு வாசல்ல செருப்பைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு" என்று கதாநாயகி சொன்னதும் அரங்கமே கைதட்டியது. அது அதற்கு முந்தின மாதம் அடுப்படியில் என் தம்பி மனைவி சொன்னது. மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. தற்செயலாகத்தான் நின்றேன். அதே நாடகத்தில், மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்கும் ஒரு நாத்தனாரும் வந்தாள். அவள் தலையைக் காட்டினாலே ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தம்பி மனைவிக்கு அப்போது பெருமைதான். "அண்ணி, நான் பேசினதுக்கா இவ்வளவு கைதட்டல்?" என்று என் தொடையைக் கிள்ளினாள். வலித்தது.

இப்படியே நாலைந்து நாடகம் ஓடியது. சினிமாக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு அவனை அழைத்துப்போனார். வேலையை விட்டான். வீட்டில் சண்டை வந்தால் மற்ற ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார்கள். இவன் பேனாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கொஞ்சம் மெதுவா திட்டு, எழுத வேணாமா?" என்பான்.

அந்த வருஷம் அவள் அம்மா இறந்துபோனாள். ஒருநாள் மத்தியானம் அவள் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் மட்டும் சொன்னாளாம், "அம்மா நம்பருக்குப் போன் போடப் பயமா இருக்கு. வேற யாராவது எடுத்துட்டா?" என்று. அடுத்த படத்தில், உதட்டுச் சாயம் பூசிய ஒருத்தி அதை அட்சரம் பிசகாமல் சொன்னாள். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. சாப்பாட்டை வைப்பாள், தட்டை எடுப்பாள். "கரண்டு பில் கட்டணும்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க" என்று மாடியேறி வந்து என்னிடம் சொல்வாள். நான் இறங்கிப்போய் அவனிடம் சொல்வேன். என் முழங்கால்தான் தேய்ந்தது.

அவனுக்கோ அடுத்த படம் காத்திருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் முடிகிற கதை. எழுதிக் கொடுத்ததையெல்லாம் டைரக்டர் திருப்பிக் கொடுத்தார். "மனுஷங்க பேசுற மாதிரியே இல்லையே சார்" என்றாராம். தம்பி முகம் தொங்கிப்போய் மாடிக்கு வந்தான்.

"அக்கா, நீயாவது ஏதாவது பேசேன்."

விடுவேனா? அவனை நிற்கவைத்துத் திட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது வில்லிக்குத்தான் சரிவரும்" என்று படியிறங்கப் போனான்.

படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "படம் போனா போகுது. அவ மறுபடி பேசவே மாட்டாளோன்னு பயமா இருக்குக்கா" என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் சொந்த வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். போய் முகத்தைக் கழுவு என்று அதட்டினேன்.

எப்படியோ எழுதி முடித்தான், படமும் எடுத்தார்கள். முதல் காட்சிக்கு அவளைக் கூட்டிவரச் சொன்னான். "பிடிக்கலைன்னா இனிமே பேனாவைத் தொடமாட்டேன்னு சொல்லு." போய்ச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது நான்தான். படத்தில் நாத்தனார் யாரும் இல்லை என்று முன்கூட்டியே உறுதி செய்துகொண்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. புருஷன் எழுதும் மேஜையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடக்கிறான். பெண்டாட்டி வருகிறாள். பேசப் போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. காலித் தம்ளரை எடுத்தாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பிவந்து, சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த மேஜை விசிறியை அவன் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போனாள். படம் முடிந்தது.

விளக்குகள் எரிந்தன. என் தம்பி எங்கள் வரிசையின் ஓரத்தில் குற்றவாளி மாதிரி நின்றான். தம்பி மனைவி அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அன்னிக்கு நீங்க தூங்கலையா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பழக்கதோஷம், கை சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தேடிப் போனது. அவள் அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"இதை எழுதினீங்கன்னா தெரியும் சேதி!"

அவன் எழுதவில்லை, இன்றுவரைக்கும் எழுதவில்லை. அதனால்தான் நான் எழுதினேன்.