முதலாளி படித்த இருபது வரிகள்

போன வாரம் காதர்பேட்டையில் பனியன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனம்மிணி, அந்தப் 'புதுசு' இன்னும் ஓடுதா?"

திரும்பினால், என் பழைய முதலாளி! கையிலிருந்த பனியனால் முகத்தை மறைக்கப் பார்த்தேன். ஏன் என்கிறீர்களா?

பல வருடங்களுக்கு முன் வேலம்பாளையத்தில், அவருடைய எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வெளிநாட்டு ஃபேக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று 'லாக்' ஃபைலில் அதுவே வரி வரியாக எழுதி வைக்கும். ஆயிரக்கணக்கில் வரிகள்... தினமும் முதலிலிருந்து யார் படிப்பது? ஒரு குட்டி கமாண்ட் எழுதினேன். 'புதுசு' என்று அடித்தால், கடைசியாகப் படித்த இடத்துக்குப் பிறகு சேர்ந்த வரிகளை மட்டும் காட்டும். யார் அடித்தாலும் சரி, ஒருமுறை காட்டியதை மறுபடி காட்டாது.

பெருமை தாங்காமல் முதலாளிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். சும்மா இருந்தேனா நான்?

ஒருநாள் ஜெர்மனியிலிருந்து போன். குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு அளவு கேட்டு மூன்று நாளாகிறது, இன்றைக்குள் வராவிட்டால் ஆர்டர் கேன்சல்! நாங்கள் ராத்திரி அனுப்பிய ஃபேக்ஸ் போய்ச் சேரவே இல்லையாம். அவசரமாக மறுபடி அனுப்பி ஆர்டரைக் காப்பாற்றினோம். என்னைக் காப்பாற்றத்தான் ஆளில்லை.

"லாக் பாக்கறதுக்குத்தான உன்னைய வெச்சிருக்கறேன்? நாளைக்குள்ள காரணம் தெரியோணும். இல்லீன்னா நீ வரவே வேண்டாம்!"

தினமும் ஒன்பது மணிக்குப் பார்த்தேனே! நாலைந்து வரி வரும், எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்தவை.

மறுநாள் காலை ஆறரைக்கே ஆபீஸ் போனேன். உள்ளே... வாக்கிங் ஷூ, குரங்குக் குல்லாவோடு முதலாளி! ஒற்றை விரலால் 'புதுசு' என்று அடித்தார். வரிகள் சரசரவென ஓடின. நிட்டிங் மெஷினில் துணி இறங்குவதைப் பார்ப்பதுபோல் ரசித்தார். "ஓடுது, ஓடுது" என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். ராத்திரி போன ஃபேக்ஸ் வரிகளையெல்லாம், சேராததையும் சேர்த்து, அவர் தீர்த்துவிட்டால், ஒன்பது மணிக்கு எனக்கு மிச்சம்தானே வரும்?

சிரிக்காதீர்கள். காலையில் நாம் பேப்பர் படிப்பதும் இப்படித்தானே? புரட்டியாச்சு, உலகம் ஓடுது, காபி கொண்டா!

ஆனால் "நீங்கதாங்க காரணம்" என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது? "சின்னக் கோளாறுங்க, சரி பண்ணீட்டனுங்க" என்றேன். பண்ணவும் செய்தேன். எனக்கு வேறு பெயரில் ஒரு கமாண்ட். அவருடைய 'புதுசு' மட்டும் தினமும் அதே பழைய இருபது வரிகளைக் காட்டும், ஒரு குறையும் இல்லாத வரிகளாகப் பார்த்து! இரண்டு வருடம், நான் வேலையை விடும்வரை இப்படியே ஓட்டினேன்.

இப்போது காதர்பேட்டையில் அவர் எதிரே நிற்கிறேன்.

"அதெல்லாம் இப்ப இல்லீங்க..." என்று மழுப்பினேன்.

"எனக்கு இன்னும் மனப்பாடம் அம்மிணி. மூணாவது வரி இத்தாலி, ஏழாவது ஜெர்மனி. அந்த ஜெர்மனி கூத்துக்கு அப்புறந்தேன் நான் படிக்கவே ஆரம்பிச்சேன். ரெண்டு வருசமா அதே இருவது வரி!"

"தெரிஞ்சுமாங்க கேக்கலை?"

"கேட்டா, சேராத அந்த ஃபேக்ஸ் வரிய நாந்தேன் முழுங்குனேன்னு நீ சொல்லீருவியே!"

ஆக, அந்தக் கம்பெனியில் லாக்கை வரி விடாமல் படித்தவர் ஒருவர் இருந்திருக்கிறார்... அது நான் இல்லை!