காதர் பாய் இரண்டு பக்கமும் பார்த்தது எதற்கு?

இன்று அம்பத்தூர் ரயில் நிலையத்தில் ஒருவர் தொழுது முடித்துத் தலையை வலமும் இடமும் திருப்பினார்.

தொண்ணூறுகளில் என்னோடு லேத் ஓட்டிய காதர் பாய் நினைவுக்கு வந்தார்.

ஒரு வாரம் பட்டறையில் பித்தளைத் துண்டுகள் காணாமல் போயிருந்தன. ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் பாய் உட்கார்ந்தபடி வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். ஆள் வருகிறதா என்று நோட்டம் விடுகிறார் என்று சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்தேன்.

என்னையும் வைத்துக்கொண்டு பாயைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"தொழுகை முடிச்சா ரெண்டு பக்கமும் சலாம் சொல்லுவோம் சார். அல்லா ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு மலக்க, அதான் தேவதூதருங்கள, வெச்சுகீறான். வலது பக்கம் கீறவரு நல்லத எழுதுவாரு, இடது பக்கம் கீறவரு கெட்டத."

என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் கீறாங்க நைனா."

இன்றும் இடது தோள்தான் எனக்குக் கனக்கிறது.

உங்களுக்கு எந்தப் பக்கம்?