சத்தம் நின்ற பதினொரு நிமிடம்

நான் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்கிறேன். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் மருத்துவமனையில் மருத்துவரைப் பார்க்கும்போது, காணொளி அழைப்பில் அவர்களுக்கு நடுவே நான் இருப்பேன். சொந்தப் பேச்சு ஒரு சொல்லும் கலக்கக் கூடாது. நோயாளி "எனக்கு நோகுது" என்றால் நானும் ஆங்கிலத்தில் "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்லவேண்டும். "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. முதல் நாள் பயிற்சியிலேயே இதைச் சொல்லிவிடுவார்கள்.

லண்டனில் லூயிஷாமில் எங்கள் வீட்டின் பின்னறையில் இருக்கும் மேசைக் கணினி பழையது. அதில் முன்பிருந்த இயங்குதளத்துக்கு இனி ஆதரவு இல்லை என்று அறிவிப்பு வந்தபோது, புதிதாக ஒன்று வாங்க மனமில்லாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். நானே போட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன மாசியில் ஒரு மாலை, புதுப்பிப்புகள் வந்திருப்பதாகக் கணினி அறிவித்தது. வாசிக்காமலே சம்மதம் கொடுத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பாட்டுப் போட்டுப் பார்த்தால் ஹெட்போனில் சத்தமே இல்லை. பாட்டு ஓடுகிறது. ஒலியைத் தரும் சவுண்ட் கார்டின் பெயர் திரையில் இருக்கிறது. ஒலி அளவு முழுதாக ஏறி நிற்கிறது. காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை.

பத்து மணிக்கு எனக்கு ஒரு அழைப்பு இருந்தது. இணையத்தில் தேடி, கறுப்புத் திரையைத் திறந்து, யார் யாரோ எழுதிவைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். திடீரென்று பாட்டு காதில் அறைந்தது. நேரம் பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. ஏன் போனது, ஏன் வந்தது என்று நான் யோசிக்கவில்லை. வந்ததே போதும் என்றிருந்தது. அழைப்பு தொடங்கும்வரை பாட்டை ஓடவிட்டேன்.

அழைப்பில் ஒரு பெண் மருத்துவர், ஒரு தாதி, எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. அவரைப் பற்றி அடையாளம் தெரியும்படி நான் எதையும் எழுத முடியாது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். துணைக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று மருத்துவர் கேட்டார்.

"இல்லை. மகளை வேலைக்குப் போகச் சொல்லிட்டன். என்னெண்டு முதல்ல நான் கேக்கோணும். பிறகு ஆறுதலா நான் அவளுக்குச் சொல்லுவன்" என்றார் அந்த அம்மா. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

மருத்துவர் தலையசைத்து, பரிசோதனை முடிவுகள் வந்திருப்பதாகச் சொன்னார். "முடிவுகள் வந்திட்டுது. அதைப் பற்றித்தான் இப்ப கதைக்கப் போறம்" என்று நான் தமிழில் சொன்னேன். அப்போது மருத்துவர் தங்கள் பக்கத்து மைக்கை நிறுத்திவிட்டுத் தாதியிடம் ஏதோ பேசினார். அரை நிமிடம் இருக்கும். பிறகு திரும்பிப் பேசத் தொடங்கினார். உதடுகள் அசைந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மைக்கைத் திறக்க மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். கையால் காதைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அங்கே எல்லாம் சரி என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்தினார். அப்போதுதான் விளங்கியது. பழுது என் பக்கம்.

என் மைக் கேமராவோடு சேர்ந்தது. அது வேலை செய்தது. என் குரல் அவர்களுக்குக் கேட்டது. அவர்கள் குரல்தான் எனக்குக் கேட்கவில்லை. "அம்மா, நீங்கள் கதைக்கிறது எனக்குக் கேக்கேல்லை. ரெண்டு நிமிசம் பொறுங்கோ" என்றேன். அவர் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து என்னிடம் ஏதோ கேட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது கண்கள் என்மேலேயே நின்றன. 

காலையில் அடித்த அதே கட்டளையை அடித்தேன். டிரைவர் பாவனையில் இருக்கிறது, கழற்ற முடியாது என்று கணினி மறுத்தது. அழைப்பை மூடிவிட்டு அடித்தேன். அப்போதும் மறுத்தது. கைபேசியில் அந்த இணைப்பு திறக்காது. பதிவுசெய்த கணினியில் மட்டும்தான். எனக்கு வேலை தரும் முகவர் அலுவலகத்துக்குப் போன் போட்டால் இசை ஓடிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் கணினியை அணைத்து மறுபடி போட்டேன். அது மெதுவாக எழும்ப, நான் நின்றபடியே காத்திருந்தேன். சத்தம் திரும்பி, நான் மறுபடி நுழைந்தபோது பதினொரு நிமிடம் போயிருந்தது. அந்தப் பக்கம் ஒருவருமில்லை.

சிறிது நேரத்தில் முகவரிடமிருந்து செய்தி வந்தது: மருத்துவமனை நோயாளியின் மகளைத் தொலைபேசியில் பிடித்து, அவர் உதவியோடு சந்திப்பை முடித்துவிட்டது.

அதை இரண்டு தடவை வாசித்தேன். வேலைத்தலத்தில் நின்ற ஒரு பெண், தன் தாய்க்கு என்ன நோய் என்பதை முதலில் தான் கேட்டு, அடுத்த மூச்சிலேயே அதைத் தாயிடம் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். அது நடக்கக்கூடாது என்பதற்குத்தான் எனக்கு இந்த வேலை.

மாலையில் மனைவி வந்ததும் விசயத்தைச் சொன்னேன். அவள் உள்ளூராட்சிக் கவுன்சிலில் வேலை செய்கிறாள்; கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து.

"என்ர ஹெட்செட் மேசை லாச்சிக்குள்ள கிடந்ததே. அது யு.எஸ்.பியில கொழுவுறது. உங்கட சவுண்ட் கார்ட் அதுக்குத் தேவையே இல்லை" என்றாள்.

"எனக்கு அந்த நேரம் மூளை ஓடேல்லை."

"ஏனப்பா எனக்கு ஒரு போன் எடுக்கேல்லை?"

எழுந்துபோய் லாச்சியிலிருந்து அந்த ஹெட்செட்டை எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். 

பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாளானது. லினக்ஸ் பாவிப்பவர்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில் நடந்ததை எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார். புதுப்பிப்போடு மின்சேமிப்பு வசதி ஒன்று இயங்கத் தொடங்கியிருக்கிறது. சில நொடி சத்தம் இல்லாவிட்டால் சவுண்ட் கார்டு தூங்கிவிடும். உங்களுடைய பழைய சிப் தூங்கினால் எழும்பாது என்றார். அவர் தந்த ஒரு வரியை ஒரு கோப்பில் சேர்த்தேன். அதோடு சரியாகிவிட்டது. மருத்துவர் மைக்கை நிறுத்திய அந்த அரை நிமிட அமைதியில்தான் அது தூங்கியிருக்கிறது. சரியாக்கிவிட்டேன் என்ற சந்தோசம் எனக்கு வரவேயில்லை.

இரண்டு கிழமை கழித்து, யார் என்று தெரியாமலே ஓர் அழைப்பை ஏற்றேன். அதே மருத்துவர், அதே அம்மா. நான் வணக்கம் சொன்னதுமே அந்த அம்மா நிமிர்ந்தார்.

"அண்டைக்கு வந்த தம்பியெல்லே?"

அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் சார்பில் ஒரு வார்த்தை பேச மருத்துவரிடம் அனுமதி கேட்டேன். சரி என்றார்.

"ஓம் அம்மா, நான்தான். பிழை என்ர பக்கம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அது மெசின்தானே தம்பி" என்றார்.  பிறகு, "மகள் போனிலயே குழறி அழுதவள். அவளைத் தேத்துறதிலயே எனக்குப் பொழுது போச்சு. எனக்கு அழ நேரம் கிடைக்கேல்லை" என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று மருத்துவர் என்னைப் பார்த்தார். எனக்கு அழ நேரம் கிடைக்கவில்லை என்று, விதிப்படி, 'நான்' என்றே ஆங்கிலத்தில் சொன்னேன்.  மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். சந்திப்பு நேரம் இருபது நிமிடம்தான். அன்று அவர் நேரம் பார்க்கவில்லை.

அந்த அம்மா அழவில்லை. மருந்து எப்போது தொடங்கும், தலைமயிர் கொட்டுமா என்று கேட்டார். கடைசியாக, அடுத்த முறை மகளும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்று மருத்துவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப வரட்டும். இனி அவளுக்கு என்னத்தை மறைக்கிறது" என்றார்.