கத்திரிக்காய் கடைத்தெருவுக்கு வந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், தில்லி மயூர் விஹார் பக்கம் ஒரு பள்ளியில் அலுவலக மேலாளராக நான் இருந்தபோது நடந்தது இது. ஒரு நாள் காலை, மூன்றாம் வகுப்புக் குழந்தையின் அம்மா ஒருவர் வந்து நின்றார். முன்பின் தெரியாத யாரோ போன் செய்து, அவர் மகளின் பெயர், செக்‌ஷன், பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். "உங்க ஆபீஸ்ல இருந்துதானே மேடம் இதெல்லாம் வெளிய போயிருக்கும்?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு வாங்குவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. பொறுப்பு என் தலையில். எனக்கோ அந்த விஷயத்தில் அ, ஆ கூடத் தெரியாது. ஆனால் ஒன்றை எடுத்தால் விடாத சுபாவம். இரண்டு வாரம் மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் படித்து, இருபத்திரண்டு கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டேன். எவனும் என்னை ஏமாற்ற முடியாது என்று ஒரு மிதப்பு வேறு.

மூன்று கம்பெனிக்காரர்களை ஒரே நாளில் வரச் சொன்னோம். இரண்டு பேர் படம் போட்டுக் காட்டித் தள்ளினார்கள். மூன்றாமவர் நடுத்தர வயது சர்தார்ஜி. எங்கள் கேள்விகளைக் குறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து கீழே இருந்து எங்கள் கிளார்க், தமிழ்ப் பெண், போன் செய்தாள். பாஸ்வேர்டு போட்டும் மாணவர் விவரம் இருக்கும் ஃபைல் திறக்கவில்லையாம்.

"அதேதான்மா, கத்திரிக்காய் ஒண்ணு ரெண்டு மூணு!" என்றேன் உரக்க.

"கத்திரிக்கு ஒரு டி-யா, ரெண்டு டி-யா மேடம்?"

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தில்லியில் தமிழ் யாருக்குப் புரியப் போகிறது! அதோடு விட்டேனா? "இங்க ஒரு சர்தார்ஜி வாயே திறக்காம உட்கார்ந்திருக்காரு. இவரு எங்க நம்மளக் காப்பாத்தப் போறாரு!" என்று சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனதும் அவர் என் அருகில் வந்தார்.

"மேடம், முதல்ல அந்தக் கத்திரிக்காய மாத்திடுங்க. அதுக்கு என்கிட்ட எதுவும் வாங்க வேண்டாம்."

அட முருகா! கொஞ்சம் கொச்சையாக இருந்தாலும் தெளிவான தமிழ். மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவராம், பக்கத்து வீடுகள் எல்லாம் தமிழ்க் குடும்பங்களாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அச்சா, அத விடுங்க. இந்தப் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். அலுவலகம் முழுவதற்கும் அது ஒன்றுதான். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும். ஐந்து வருடமாக மாற்றவில்லை. இதை வைத்துக்கொண்டுதான் நான் இருபத்திரண்டு கேள்வி கேட்டிருக்கிறேன்.

நேரே பிரின்சிபாலிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "திங்கட்கிழமை பார்க்கலாமே" என்றார். "முடியாது சார். இன்னைக்கே மாத்தணும். அதுவரைக்கும் நான் வீட்டுக்குப் போக மாட்டேன்" என்றேன். ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றேன். முணுமுணுத்தார்கள், "மேடத்துக்கு என்ன ஆச்சு?" என்றார்கள். நான் நகரவில்லை. ஐந்து மணிக்குள் ஆளுக்கொரு பாஸ்வேர்டு ஆனது, போனவர்களின் கணக்குகள் மூடப்பட்டன. விலை கொடுத்து வாங்க வேண்டியவற்றை அடுத்த மாதம் நிதானமாக வாங்கினோம்.

மறுநாள் அந்த அம்மாவை வரவழைத்து, எங்கள் பக்கம் இருந்த ஓட்டையை மறைக்காமல் சொன்னேன். எங்களிடமிருந்துதான் விவரம் போனதா என்பது கடைசிவரை தெரியவில்லை. அவர் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. மகளின் பஸ் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றித் தரச் சொன்னார்.

கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்பார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போதெல்லாம் அந்த அம்மா கேட்ட கேள்வி என் காதில் விழுகிறது. யாருக்குப் புரியப் போகிறது என்று நான் இப்போது எதையும் உரக்கச் சொல்வதில்லை.